கஞ்சித் தொட்டியில் ஓர் ஆல்பம்

ஸ்லோடைவ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ‘சூவ்லாக்கி’ ஆல்பம் 1993-இல் பிரிட்டனில் வெளிவந்தபோது, மெலடி மேக்கர் வார இதழின் விமர்சகர், அதை இன்னொரு முறை கேட்பதைவிட ஓட்ஸ் கஞ்சி நிரப்பிய குளியல் தொட்டியில் மூச்சுத் திணறிச் சாவதே மேல் என்ற பொருள்பட எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில், மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் குழுவின் ரிச்சி எட்வர்ட்ஸ், ஹிட்லரைவிட ஸ்லோடைவைத்தான் தாங்கள் அதிகம் வெறுப்பதாகச் சொன்னதும் ஊரெல்லாம் பரவியது. 23 ஆண்டுகள் கழித்து, 2016-இல், அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் இணைய இதழ், ஷூகேஸிங் என்ற இந்த வகை இசையின் தலைசிறந்த 50 ஆல்பங்களை வரிசைப்படுத்தியது. சூவ்லாக்கிக்கு இரண்டாம் இடம். வழக்கமாக இந்தக் கதையைச் சொல்பவர்கள், அன்றைய விமர்சகர்கள் செவிடர்களாக இருந்தார்கள், காலம் நியாயம் வழங்கிவிட்டது என்று முடித்துவிடுவார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் பொருந்தவில்லை. அதே இதழ்கள் அதே குழுவை மூன்றே ஆண்டுகளுக்கு முன் தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தன. மூன்று ஆண்டுகளில் ஒரு நகரத்தின் காதுகள் எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கெட்டுப்போவதில்லை. தீர்ந்துபோனது, அந்த இசையைப் பற்றி எழுத அவர்கள் கையிலிருந்த சொற்கள் என்பதே என் எண்ணம்.

அந்தச் சொற்களின் கதை ஸ்லோடைவுக்கு முன்பே தொடங்குகிறது. ட்ரீம் பாப் என்று இன்று வழங்கும் இசையின் முதல் பெரிய குழுவான காக்டோ ட்வின்ஸ், ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் 1979-இல் உருவானது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பேர்போன ஊர் அது. தேவதைகளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ராபின் கத்ரி தன் கிட்டாரின் ஒலியை எதிரொலிக் கருவிகளின் வழியே அடுக்கடுக்காகப் பெருக்குவார். அதன்மேல் எலிசபெத் ஃப்ரேசர் பாடுவார். என்ன பாடுகிறார் என்பது பெரும்பாலும் பிடிபடாது. ஓசைக்காக மட்டும் தேர்ந்த சொற்கள், பொருள் தெரியாமலே அயல்மொழிப் புத்தகங்களிலிருந்து பொறுக்கிய சொற்கள் என்று அவர் குரல் போய்க்கொண்டே இருக்கும். ராக ஆலாபனைக்குப் பழகிய காதுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. பாட்டு வரிகளை நம்பிப் பிழைத்த லண்டன் பாப் பத்திரிகையாளருக்கோ இது பெரிய இக்கட்டு. ஒரு பாட்டைப் பற்றி எழுத உட்காரும்போது அவர் கைக்கு முதலில் எட்டுவது வரிகள். அடுத்தது பாடகரின் முகமும் பேச்சும். இங்கே வரிகள் புரியவில்லை. பேட்டி கொடுக்கவோ அவர்கள் தயங்கினார்கள். குழுவின் பதிப்பாளரான 4ஏடி நிறுவனம் வெளியிட்ட உறைகளில், வான் ஆலிவரின் வடிவமைப்பில், நிறமும் நிழலும் புகையும் இருந்தன, முகம் இல்லை. இப்படி எல்லாக் கதவும் சாத்தியிருந்ததால் விமர்சகர் தன் சொந்தக் கையிருப்பிலிருந்தே எடுத்து எழுத வேண்டியதாயிற்று. தேவாலயங்கள், கடலடி, பனிமூட்டம், வேற்றுலகத்துக் குரல் என்று 1980-களின் வார இதழ்கள் உருவகங்களால் நிரம்பின. அந்த அலங்காரம் குழுவினருக்கே எரிச்சலாக இருந்தது. வாசகருக்குப் பிடித்திருந்தது, சில எழுத்தாளர்களுக்கு அதுவே பெயரும் வாங்கித் தந்தது. இசை சொல்லாமல் விட்டதை எழுத்து இட்டு நிரப்பியது.

பெயர்கள் பிறந்த கதையே இதற்குச் சான்று. ‘ட்ரீம் பாப்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஏ.ஆர். கேன் இரட்டையரில் ஒருவரான அலெக்ஸ் அயூலி. அவரும் ரூடி தம்பாலாவும் கிழக்கு லண்டனைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். 1987-இல் மார்ஸ் என்ற கூட்டுப் பெயரில் ‘பம்ப் அப் த வால்யூம்’ பாட்டைப் பிரிட்டன் தரவரிசையின் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர்களில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டு வந்த அவர்களுடைய ‘69’ ஆல்பம் டப், ஜாஸ், கிட்டார் இரைச்சல் எல்லாம் கரைந்து கிடக்கும் ஒன்று. தங்கள் ஒலியை விளக்க அயூலி சொன்ன அந்தச் சொல்லை மெலடி மேக்கரின் சைமன் ரெனால்ட்ஸ் போன்றவர்கள் எடுத்துக்கொண்டு பரப்பினார்கள். பத்திரிகைகள் தாமாகக் கொடுத்த பெயர்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஷூகேஸிங்’, அதாவது காலணியைப் பார்த்துக்கொண்டே நிற்பது, சவுண்ட்ஸ் இதழில் மூஸ் குழுவின் மேடை நிகழ்ச்சியைப் பற்றிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. பாடகர் தரையில் ஒட்டி வைத்த வரிகளைக் குனிந்து படித்தார். மற்ற குழுக்களின் கிட்டார்காரர்கள் காலடியில் கிடந்த எஃபெக்ட்ஸ் பெடல்களைப் பார்த்து மிதிக்கத் தலை குனிந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து அந்தக் கேலி ஒட்டிக்கொண்டது. மெலடி மேக்கரின் ஸ்டீவ் சதர்லேண்ட் கொடுத்த இன்னொரு பட்டம், தன்னைத்தானே கொண்டாடிக்கொள்ளும் கூட்டம் என்பது. இந்தக் குழுக்கள் ஒருவர் நிகழ்ச்சிக்கு மற்றவர் போய்க் கைதட்டியதைக் குத்திக் காட்டியது. மூன்று பெயர்களில் ஒலியைப் பற்றியது ஒன்றுதான், அதுவும் இசைத்தவர் கொடுத்தது. மற்ற இரண்டில் ஒன்று நிற்கும் விதத்தைப் பற்றியது, இன்னொன்று பழகும் விதத்தைப் பற்றியது. எழுத்தாளரின் கண் மேடையிலும் மதுக்கடையிலும் இருந்தது. ஒலியை விவரிக்கும் வேலை அப்போதே கைநழுவத் தொடங்கிவிட்டது.

ஸ்லோடைவ் இந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தது. லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் பள்ளத்தாக்கிலுள்ள ரெடிங் நகரில், சிறுவயதுத் தோழர்களான நீல் ஹால்ஸ்டெட்டும் ரேச்சல் காஸ்வெல்லும் 1989-இல் தொடங்கிய குழு. ஆலன் மெகீயின் கிரியேஷன் இசை வெளியீட்டு நிறுவனம் சேர்த்துக்கொண்டபோது இருவருக்கும் இருபதை ஒட்டிய வயது. 1990 கடைசியிலும் 1991-இலும் வந்த அவர்களுடைய சிறு வெளியீடுகளுக்கு, அந்த வாரத்தின் சிறந்த பாட்டு என்ற மகுடத்தை வார இதழ்கள் சூட்டின. இந்த மகுடத்தின் பொருளாதாரத்தைக் கவனிக்க வேண்டும். வாரம் ஒருமுறை வரும் இதழுக்கு வாரம் ஒரு கண்டுபிடிப்பு தேவை. 1991 ஏப்ரலில் சவுண்ட்ஸ் நின்றுபோனது. மிஞ்சிய மெலடி மேக்கரும் என்.எம்.இ.யும் ஐ.பி.சி. என்ற ஒரே நிறுவனத்தின் சொத்து; ஆனாலும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. முந்துவதற்கு இரண்டு வழிகள்: ஒருவரை முதலில் தூக்குவது, அல்லது முதலில் கீழே போடுவது. கீழே போட வேண்டுமென்றால் முதலில் தூக்கியிருக்க வேண்டும். 1991 செப்டம்பரில் ஸ்லோடைவின் முதல் முழு ஆல்பமான ‘ஜஸ்ட் ஃபார் எ டே’ வந்தபோதே கைகள் தளர ஆரம்பித்துவிட்டன. அது பிரிட்டன் ஆல்பம் தரவரிசையில் 32-ஆம் இடம் வரை போனது. புதிய குழுவுக்குக் குறைச்சல் இல்லை. விமர்சனங்களில் மட்டும் சலிப்பு தெரிந்தது.

சலிப்புக்குக் காரணம் ரசனை மாற்றம்தான், அமெரிக்காவிலிருந்து நிர்வாணா குழு வந்து எல்லோரையும் அடித்துப் போட்டது என்று ஒரு விளக்கம் உண்டு. அவர்களுடைய ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வெளிவந்ததும் அதே செப்டம்பரில்தான். ஆனால் வாங்கியவர்களின் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1992 தொடக்கத்தில் லஷ் குழுவின் ‘ஸ்பூக்கி’ ஏழாம் இடத்துக்கும், ரைடு குழுவின் ‘கோயிங் பிளாங்க் அகெய்ன்’ ஐந்தாம் இடத்துக்கும் போயின. இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. முன்னதைத் தயாரித்தவரே ராபின் கத்ரி. கேட்பவர் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டிருந்தபோதே எழுதுபவர் எழுந்து போய்விட்டார். போன இடமும் தெரிகிறது. 1992 ஏப்ரலில் மெலடி மேக்கர் தன் அட்டையில் ஸ்வேடு குழுவைப் பிரிட்டனின் சிறந்த புதுக் குழு என்று அறிவித்தது; அந்தக் குழுவின் முதல் பாட்டே அப்போது வெளிவந்திருக்கவில்லை. ஸ்வேடின் பிரெட் ஆண்டர்சனிடம் பத்திரிகைக்கு வேண்டிய எல்லாம் இருந்தன: முகம், உடை, பால் அடையாளத்தைப் பற்றிய புதிர்ப் பேச்சு, தெளிவாகக் கேட்கும் வரிகள், பேட்டி நெடுக மேற்கோள்கள். ஓராண்டு கழித்து செலக்ட் மாத இதழ் அவரைப் பிரிட்டிஷ் கொடிக்கு முன்னால் நிறுத்தி அட்டை போட்டது. பின்னாளில் பிரிட்பாப் என்று பெயர் பெற்ற அலையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். ஸ்லோடைவிடம் பேட்டி எடுக்கப் போனவருக்கு எதிரொலி நேரத்தைத் தவிர வேறென்ன கிடைத்திருக்கும்?

பேச்சு கிடைக்காத இடத்தில் வர்க்கம் கிடைத்தது. தேம்ஸ் பள்ளத்தாக்கு என்றாலே வசதியான நடுத்தர வர்க்கம். அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால்தான் இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்று ஒரு வாதம் கிளம்பியது. தென்வேல்ஸின் சுரங்கப் பகுதியான பிளாக்வுட்டிலிருந்து, மூடிய சுரங்கங்களின் கோபத்தோடு வந்த ரிச்சி எட்வர்ட்ஸின் வாயில் அந்த வெறுப்புக்கு ஓர் அர்த்தம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். தாட்சர் ஆட்சி அப்போதுதான் முடிந்திருந்தது. பாட்டு எதையாவது சொல்லியாக வேண்டும் என்பது பங்க் காலம் விட்டுச்சென்ற கட்டளை. ஆனால் அதையே லண்டன் அலுவலகத்தில் உட்கார்ந்து விமர்சகர் திருப்பிச் சொல்லும்போது அது வசதியான குறுக்குவழியாகிவிடுகிறது. இந்த இசைக்குப் பெயர் கொடுத்த ஏ.ஆர். கேனைப் புறநகர் வெள்ளைப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. காக்டோ ட்வின்ஸையும் அந்தப் பட்டியலில் அடைக்க முடியாது. வர்க்கக் குற்றச்சாட்டு நிற்க வேண்டுமானால் இந்த இசையின் முதல் பத்தாண்டு வரலாற்றை மறந்தாக வேண்டும். மறக்கவும் செய்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே சூவ்லாக்கி எப்படிப்பட்ட ஆல்பம் என்பதை யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஹால்ஸ்டெட்டும் காஸ்வெல்லும் காதலர்களாக இருந்து பிரிந்திருந்த நேரம் அது. ஹால்ஸ்டெட் வேல்ஸின் ஒரு குடிலில் தனியே தங்கிப் பாட்டுகள் எழுதி வந்தார். அதற்கு முன் குழு பதிவு செய்திருந்த நாற்பது பாட்டுகளைக் கேட்ட மெகீ எதுவும் தேறாது என்று தள்ளிவிட்டிருந்தார். இசைக்கலைஞர் பிரையன் ஈனோவுக்கு எழுதிக் கேட்டார்கள். ஆல்பத்தைத் தயாரிக்க அவர் ஒப்பவில்லை, ஆனால் சில நாள் சேர்ந்து ஒலிப்பதிவு செய்ய ஒப்புக்கொண்டார். அவர் வந்ததும் செய்த முதல் காரியம் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் வைத்ததுதான் என்று ஹால்ஸ்டெட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஈனோவின் கைபட்ட இரண்டு பாட்டுகள் ஆல்பத்தில் இருக்கின்றன. பத்துப் பாட்டுகளில் முதலாவதான ‘ஆலிசன்’ ஏறக்குறைய நேரான ஒரு பாப் பாட்டு. பெயரில் சூவ்லாக்கியைத் தாங்கிய இன்னொன்று ஜமைக்காவின் டப் இசையிலிருந்து அடித்தளத்தை எடுத்துக்கொள்கிறது. கடைசிப் பாட்டில் ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரும் குரலும் தவிர ஒன்றுமே இல்லை. தலைப்போ, அமெரிக்கத் தொலைபேசிக் குறும்புக் கோமாளிகளான ஜெர்க்கி பாய்ஸின் நகைச்சுவைத் துணுக்கு ஒன்றிலிருந்து எடுத்தது. கனவுலகத்துக்கும் சூவ்லாக்கி என்ற கிரேக்கக் கபாப்புக்கும் சம்பந்தமில்லை. அதாவது, 1991-இல் எழுதிய மேகமும் கடலும் இந்த ஆல்பத்துக்குப் பொருந்தா. புதிய விவரணை தேவைப்பட்டது. கஞ்சித் தொட்டி வாக்கியம் சிரிப்பை வரவழைக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு அந்தத் தட்டில் மூன்று விதமான பாட்டுகள் இருப்பதை ஒருவரும் ஊகிக்க முடியாது. அது ஒரு வகையின் மேல் எழுதிய இரங்கற்குறிப்பு. கைக்குக் கிடைத்த சவப்பெட்டி சூவ்லாக்கி.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை எளியவை அல்ல. முதலாவது: மை பிளடி வேலண்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ ஆல்பம். 1991 நவம்பரில் அதே கிரியேஷன் வெளியிட்டது. குரல் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும், வரிகள் விளங்கா, கெவின் ஷீல்ட்ஸ் பேட்டிகளில் வாள்வீச்சுக்காரர் அல்லர். இருந்தும் அதே வார இதழ்கள் அதைக் கொண்டாடின. சொல் தீர்ந்துபோனது உண்மையென்றால் இது எப்படி நடந்தது? லவ்லெஸ் தன் ஒலியோடு ஒரு கதையையும் கொண்டுவந்தது. ஏறத்தாழ இரண்டாண்டு வேலை, மாறி மாறிப் புகுந்த 19 ஒலிப்பதிவுக் கூடங்கள், கிரியேஷனை ஓட்டாண்டியாக்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட செலவு. அந்தத் தொகை சரியல்ல என்று ஷீல்ட்ஸ் பிறகு மறுத்தாலும், எழுதுபவருக்கு ஒரு பைத்தியக்கார மேதை கிடைத்துவிட்டார். லவ்லெஸ் சூவ்லாக்கியைவிடத் துணிச்சலான ஆல்பம் என்பதிலும் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் துணிச்சலுக்கும் அழகுக்கும் இடையே உள்ள தூரத்தை, பாராட்டுக்கும் சவ ஊர்வலத்துக்கும் இடையே உள்ள தூரமாக நீட்டியது ஒலியின் வேலை ஆகாது. இரண்டாவது எதிர்வாதம்: என்.எம்.இ. சூவ்லாக்கியை அவ்வளவு மோசமாக நடத்தவில்லை, ஒரே ஒரு கொடூர வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு காலத்தையே குற்றம் சொல்லலாமா? சொல்லக் கூடாதுதான். ஒட்டுமொத்த வரவேற்பு வெறுப்பைவிட அக்கறையின்மைக்கே நெருக்கமானது. வெறுத்த வாக்கியம் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், மற்ற வாக்கியங்களில் நினைவில் வைக்க ஒன்றும் இல்லாததுதான்.

மூன்றாவது, குழு தோற்றது விமர்சனத்தால் அல்ல, வியாபாரத்தால் என்பது. இதில் பாதி உண்மை. சூவ்லாக்கி 51-ஆம் இடத்தோடு நின்றது. அமெரிக்காவில் எஸ்.பி.கே. நிறுவனம் அதை 1994 தொடக்கம் வரை இழுத்தடித்து வெளியிட்டது. குழுவின் பயணத்துக்குக் கொடுத்த பணத்தையும் பாதியில் நிறுத்தியது. கிரியேஷனில் கிட்டத்தட்டப் பாதிப் பங்கை சோனி 1992-இல் வாங்கியிருந்தது. 1993 மே 31-ஆம் தேதி, சூவ்லாக்கி வெளிவந்த அதே வாரங்களில், கிளாஸ்கோவின் கிங் டட்ஸ் அரங்கில் மெகீ ஒயேசிஸ் என்ற குழுவைப் பார்த்தார்; அதற்குப் பிறகு அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. 1995 பிப்ரவரியில் ஸ்லோடைவின் மூன்றாம் ஆல்பமான ‘பிக்மேலியன்’ வந்தது. ஒரு வாரத்தில் குழுவை நிறுவனம் கைகழுவியது. ஆனால் அந்நாளில் சிறு குழு ஒன்றின் வியாபாரம் வார இதழ்களை நம்பியே இருந்தது. வானொலி ஜான் பீல் போன்ற ஓரிருவரைத் தவிர எட்டாத உயரம். தொலைக்காட்சி இன்னும் எட்டாது. விமர்சனமும் வியாபாரமும் தனித்தனிக் காரணங்களாகப் பிரிய இடமில்லை.

பிறகு நடந்தது என்ன? ஹால்ஸ்டெட்டும் காஸ்வெல்லும் மொஹாவே 3 என்ற பெயரில் நாட்டுப்புறச் சாயலுள்ள பாட்டுகளுக்குப் போனார்கள். மெலடி மேக்கர் 2000-இல் மூடப்பட்டது. சூவ்லாக்கியோ விமர்சகர் துணை இல்லாமலே வேறு கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் கிரெக் அராக்கி தன் படங்களில் இந்த இசையை மீண்டும் மீண்டும் கையாண்டார்; 2004-இன் ‘மிஸ்டீரியஸ் ஸ்கின்’ படத்துக்கு இசையமைக்க இசையமைப்பாளர் ஹரால்ட் பட்டுடன் ராபின் கத்ரியையே அழைத்தார். ஜெர்மனியின் மோர் மியூசிக் நிறுவனம் 2002-இல் மின்னணு இசைக்கலைஞர்களைக் கூட்டி ஸ்லோடைவ் பாட்டுகளை மீட்டுருவாக்கி ஒரு தொகுப்பு வெளியிட்டது. இவர்கள் யாரும் ரெடிங் நகரத்து வர்க்கத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, காலணியையும் பார்க்கவில்லை. மின்னணு இசைக்காரர்களுக்கு இந்தத் தட்டு எதிரொலியும் அடுக்கும் அமைப்பும் கொண்ட பொருளாகத் தெரிந்தது. சொற்கள் திரும்பியது அந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன். ஆம்பியன்ட் இசையும் டெக்னோவும் 1990-களில் வளர்ந்த பிறகு, வரிகளே இல்லாத ஒலியைப் பற்றி எழுத ஒரு மொழி உருவாகியிருந்தது: நயம், இடவெளி, அடர்த்தி, மெல்ல மாறும் தளம். 2005-இல் மூன்று ஆல்பங்களும் மறுவெளியீடு கண்டபோது இணைய விமர்சகர்கள் அந்த மொழியோடு வந்தார்கள். தட்டு அதேதான், அதை விவரிக்கும் கலைச்சொற்கள் வேறொரு பட்டறையில் செய்யப்பட்டு வந்து சேர்ந்திருந்தன.

அதற்காகப் பின்னாளின் புகழ்ச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் மனம் வரவில்லை. குழு 2014-இல் பார்சிலோனாவின் பிரிமவேரா விழாவில் மீண்டும் மேடை ஏறியது; 2017-இல் குழுவின் பெயரையே தாங்கி, 22 ஆண்டுகளுக்குப் பின் ஒரு புதிய ஆல்பம் வந்தது. அதைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை 1993-இன் அவமானத்தோடு தொடங்கி வெற்றியோடு முடிந்தன. நல்ல ஆல்பம்தான்; ஆனால் அந்த விமர்சனங்களில் பாதி, பழைய பாவத்துக்குப் பரிகாரம் போல் வாசிக்கக் கிடைக்கின்றன. 2023 செப்டம்பரில் வந்த ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’ பற்றியும் அப்படியே. 2020-இல் காஸ்வெல்லின் தாயும் டிரம் வாசிக்கும் சைமன் ஸ்காட்டின் தந்தையும் இறந்திருந்தார்கள். ஆல்பம் அவர்களுக்குக் காணிக்கை. எட்டுப் பாட்டுகளையும் துக்கத்தின் வழியாகவே படிக்கும் வசதி விமர்சகருக்குக் கிடைத்தது. ஹால்ஸ்டெட் மாடுலர் சின்தசைசரில் தனியே தொடங்கிய வரைவுகள் எப்படி ஐந்து பேர் இசையாக மாறின என்ற கேள்வி, கேட்டிருந்தால் சுவையாக இருந்திருக்கும், துக்கத்துக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தது. வாழ்க்கை வரலாறு கைக்குக் கிடைத்ததும் ஒலியை விட்டுவிடும் பழைய பழக்கம் இணையத்துக்கும் வந்துவிட்டது. அன்று அந்த வரலாறு திட்டுவதற்கு உதவியது, இன்று பாராட்டுவதற்கு.

‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’ பிரிட்டன் தரவரிசையில் ஆறாம் இடம் பிடித்தது. குழு முதல் பத்துக்குள் வருவது அதுவே முதல் முறை. அச்சில் வந்த என்.எம்.இ. வார இதழ் அதைப் பார்க்க இல்லை. 2018 மார்ச்சில் நின்றுபோயிருந்தது. புதிய ஆல்பத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் கஞ்சித் தொட்டியை மறக்காமல் குறிப்பிட்டார்கள். ஸ்லோடைவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியவற்றில் இன்று வரை எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த ஒரே வாக்கியம்தான்.